உங்கள் அம்மாவின் நோய் சிலுவையா, முள்ளா?

உங்கள் அம்மாவுக்கு 58 வயது, ஆறு ஆண்டுகளாக முடக்குவாதத்தால் அவதிப்படுகிறார், விரல்கள் கோணிப்போய்விட்டன, முழங்கால்படியிட முடியவில்லை என்ற கூச்சத்தால் திருவிருந்து நாட்களில் ஆலயத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டார். சபையில் ஒரு சாரார் ‘விசுவாசம் இருந்திருந்தால் சுகம் கிடைத்திருக்கும்’ என்கிறார்கள். மற்றொரு சாரார் ‘இது கர்த்தர் தந்த சிலுவை, ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். இரண்டையும் கேட்டுக் கேட்டு, மாத்திரைகளை நிறுத்திவிட்டுக் கர்த்தரை மட்டும் நம்பியிருந்தால் என்ன என்று அம்மா உங்களிடம் கேட்டிருக்கிறார். துன்பத்தை விசுவாசத்தோடு ஏற்றுக்கொள்வது என்றால் உண்மையில் என்ன என்று நீங்கள் கேட்கிறீர்கள். தென்மாவட்ட மருத்துவமனை ஒன்றில் பல ஆண்டுகள் நோயாளிகளிடையே ஊழியம் செய்தவன் என்ற முறையில், வேதத்தில் வாசித்ததையும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் மாத்திரை. அதை நிறுத்த வேண்டாம். முடக்குவாதம் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குகிற நோய். வலியைத் தணிக்கும் மாத்திரைகள் ஒருபுறம் இருக்க, அந்தத் தாக்குதலையே அடக்குவதற்கு, பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும்படி மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளைக் கொடுக்கிறார்கள். அவற்றைத் தன்னிச்சையாக நிறுத்தினால் அடங்கியிருந்த நோய் மறுபடியும் எழும்பும். அப்போது அரிக்கப்படுகிற எலும்பு, பின்னால் மருந்தைத் தொடங்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. பக்கவிளைவு தொந்தரவாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்பதற்கு வேதத்தில் இடமே இல்லை. எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசு கூட்டிக் கொடுக்கப்பட்டது என்ற வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயாதான், பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையை வைத்துக் கட்டச் சொன்னார். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். லூக்காவைப் ‘பிரியமான வைத்தியன்’ என்று அழைக்கிறார். இந்தப் பவுலின் உடலிலிருந்து எடுத்துப்போன உறுமால்களால் எபேசுவில் நோயாளிகள் சுகமானார்கள் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் சொல்கிறது. ஆனாலும் தன் கடைசி நிருபத்தில் அவர், ‘துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவு என்றோ, தன் ஜெபம் பலிக்கவில்லை என்றோ அவர் விளக்கம் சொல்லவில்லை. ‘விசுவாசம் இருந்திருந்தால்’ என்று உங்கள் அம்மாவிடம் பேசுகிறவர்கள் அந்த ஒரு வரியைப் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இனி ‘சிலுவை’ என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் சபைகளில் தீராத எந்தத் தொல்லைக்கும் இந்தச் சொல்லைப் பயன்படுத்திப் பழகிவிட்டோம். சர்க்கரை நோய், கடன், குடிகாரக் கணவர், படிக்காத பிள்ளை, எல்லாமே ‘என் சிலுவை’. இயேசு இந்தச் சொல்லைச் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது உருவகமாகத் தோன்றியிருக்காது. ரோம அரசு அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுத்த தண்டனை அது. தண்டனை பெற்றவன் மரத்தைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் பார்க்க நடக்க வேண்டும். ‘ஒருவன் என் பின்னே வர விரும்பினால் அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்’ என்ற வசனத்தில் ‘விரும்பினால்’, ‘எடுத்துக்கொண்டு’ என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். சிலுவை என்பது இயேசுவைப் பின்பற்றுவதனால் வருகிற விலை. பின்பற்றாமல் இருந்தால் அது வராது. நட்டாலத்தில் பிறந்த நீலகண்டபிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-ல் சிறைப்பிடிக்கப்பட்டு, அலைக்கழிக்கப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். விசுவாசத்தை விட்டுவிடுகிறேன் என்று எந்த நாளிலும் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் வீடு திரும்பியிருக்கலாம். அவர் சுமந்தது சிலுவை.

உங்கள் அம்மாவின் முடக்குவாதம் அப்படிப்பட்டதன்று. அது கிறிஸ்தவர்களுக்கும் வருகிறது, மற்றவர்களுக்கும் வருகிறது. அம்மா விசுவாசத்தை விட்டாலும் அது போகப்போவதில்லை. அதை ஏற்கலாமா என்று அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. இதற்கு வேதத்தில் வேறொரு சொல் இருக்கிறது: முள். இந்த வேறுபாட்டைச் சொல்லாராய்ச்சிக்காகச் சொல்லவில்லை. சிலுவை என்று பெயர் வைத்துவிட்டால் அதை இறக்கிவைப்பது பாவம் என்றும், நீக்கும்படி கேட்பது கோழைத்தனம் என்றும் ஆகிவிடுகிறது. முள் என்றால் எவரும் முதலில் செய்வது அதைப் பிடுங்கப் பார்ப்பதுதான்.

பவுல் அதைத்தான் செய்தார். கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரம், நோயாளிகளுக்கு நான் அதிகமாக வாசித்துக் காட்டிய பகுதி. தன் மாம்சத்தில் ஒரு முள் இருப்பதாக அவர் அங்கே எழுதுகிறார். மூலத்தில் அதற்கு அவர் எழுதிய கிரேக்கச் சொல்லான ‘ஸ்கோலொப்ஸ்’ என்பதற்கு முள் என்றும் பொருள் உண்டு, கூராகச் சீவிய கழுமரம் என்றும் பொருள் உண்டு. நெருஞ்சியாகவே நாம் நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது என்ன நோய் என்று பவுல் சொல்லவில்லை. கண்நோய், மலேரியாக் காய்ச்சல், காக்காய்வலிப்பு என்று பலரும் பலவிதமாக ஊகித்திருக்கிறார்கள். அவர் சொல்லாமல் விட்டதற்காக நான் நன்றியுள்ளவனாக இருக்கிறேன். சொல்லியிருந்தால் அந்த ஒரு நோய்க்காரர்களுக்கு மட்டுமே அந்த அதிகாரம் சொந்தமாகியிருக்கும்.

அந்த முள்ளைப் பற்றி அவர் ஒரே மூச்சில் இரண்டு காரியங்களைச் சொல்கிறார். அது ‘கொடுக்கப்பட்டிருக்கிறது’ என்கிறார். அடுத்த கணமே அது ‘என்னைக் குட்டும் சாத்தானுடைய தூதன்’ என்கிறார். நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும் ‘குட்டும்’ என்ற சொல் எவ்வளவு பொருத்தமானது பாருங்கள். ஒரு நாள் ஒரு பெரிய அடி என்றில்லாமல், எழும்போதும் உட்காரும்போதும் தலையில் விழுந்துகொண்டே இருக்கிற குட்டு. கடவுளுடைய கைக்குத் தப்பி இது என்னிடம் வந்துவிடவில்லை என்று நம்புகிறவர், இது நல்லது என்று ஒருபோதும் சொல்லவில்லை. இந்த இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியும் என்பதே இங்கே எனக்குக் கிடைத்த பெரிய பாடம். உங்கள் அம்மா ‘என் நோய் கெட்டது’ என்று சொல்லலாம். அப்படிச் சொல்வதால் அவர் முறுமுறுக்கிறார் என்றாகாது.

அடுத்து, அது நீங்கும்படி மூன்றுதரம் கர்த்தரிடத்தில் வேண்டிக்கொண்டேன் என்கிறார். ஏற்றுக்கொள்ளுதல் இந்தக் கேட்டலுக்குப் பிறகுதான் வருகிறது, அதற்கு முன்னால் வருவதில்லை. கேட்காமலே ‘எல்லாம் அவர் சித்தம்’ என்று தலையை ஆட்டிவிடுவது, பல நேரங்களில், கேட்டுக் கிடைக்காமற்போனால் மனம் உடைந்துவிடுமே என்ற பயத்துக்கு நாம் போடுகிற பக்தியான போர்வை. மூன்று முறைக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த பதில்: ‘என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்.’ இதைச் சுவரில் மாட்டும் வசன அட்டையில் வாசிக்கும்போது இனிமையாக இருக்கிறது. பவுலின் இடத்தில் இருந்து கேட்டால், முதலில் அது ‘இல்லை’ என்கிற பதில். முள் எடுக்கப்படவில்லை. அதற்கு முந்தின சொற்களில், ‘அவர் சொன்னார்’ என்பதற்கு மூலமொழியில் இருக்கிற வினைவடிவம், சொல்லிமுடித்து இன்னும் நிலைத்து நிற்கிற சொல்லைக் குறிப்பது. ஒருமுறை கேட்டு ஆறுதலடைந்து எழுந்துபோன கதையாக அவர் இதை எழுதவில்லை. குட்டு விழும்போதெல்லாம் அந்தச் சொல்லும் அங்கேயே நின்றது என்பதாகவே எழுதுகிறார்.

இதே வரிசை கெத்செமனேயிலும் இருக்கிறது. ‘அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும், ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது.’ பிரசங்கங்களில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். முன்பாதியைச் சொல்ல இயேசுவுக்கு வெட்கமில்லை. அதே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார் என்று சுவிசேஷம் பதிவு செய்கிறது. அதற்கு முன் சீஷர்களிடம், தன் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருக்கிறது, இங்கே தங்கி விழித்திருங்கள் என்று கேட்டுக்கொண்டார். கூட இருப்பதற்கு மனிதர் வேண்டும் என்று கடவுளின் குமாரனே கேட்ட இரவு அது. அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்’ என்ற யோபுவின் வார்த்தையை நம் துக்க வீடுகளில் சொல்லாத நாள் இல்லை. அது முதல் அதிகாரம். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதன்பின் முப்பத்தோராம் அதிகாரம் வரை கடவுளோடு வழக்காடுகிறார். அவருடைய சிநேகிதர்களோ கடவுளுக்காக வாதாடி, ஏதோ பாவம் இல்லாமல் இது வராது என்று விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் கடவுள் யாரைக் கண்டிக்கிறார் என்று பாருங்கள்: ‘என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை’ என்று அந்தச் சிநேகிதர்களிடமே சொல்கிறார். அவர்கள் செய்ததில் சரியாக இருந்தது ஒன்றே ஒன்று; தொடக்கத்தில் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எண்பத்தெட்டாம் சங்கீதத்தையும் உங்கள் அம்மாவோடு ஒருமுறை வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை முடிவில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்றே வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

நான் ஊழியத்துக்கு வந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். பெண்கள் வார்டில் உங்கள் அம்மாவைப் போலவே விரல் கோணின ஒரு அம்மா இருந்தார். வேதபுத்தகத்தைத் திறந்துகொண்டு நான் அவர் கட்டிலருகே போனபோது காலை ஏழு மணி இருக்கும். முடக்குவாதக்காரர்களுக்கு அதுதான் கொடிய நேரம். இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டுகள் மரக்கட்டையாக இறுகியிருக்கும். நான் ரோமர் ஐந்தாம் அதிகாரத்தை வாசிக்கத் தொடங்கினேன்: உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது. அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசித்து முடித்து ஜெபித்து எழுந்தபோது, மேசைமேல் இருந்த எவர்சில்வர் டம்ளரைப் பார்த்தபடி, ‘ஐயா, அந்தத் தண்ணியைக் கொஞ்சம் வாயில ஊத்திட்டுப் போறீங்களா? அஞ்சு மணியிலிருந்து தாகமா இருக்கு, கை மடங்க மாட்டேங்குது’ என்றார். இரண்டு மணி நேரத் தாகத்தோடு அவர் என் வேதபாடத்தைக் கேட்டிருக்கிறார். அவருக்கு என்மேல் கோபமில்லை; எனக்குத்தான் அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. பொறுமையைப் பற்றி நான் அவருக்குக் கற்றுக்கொடுக்க அங்கே எதுவும் இருக்கவில்லை.

துன்பத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற வார்த்தையை யார் சொல்லலாம் என்று அதுமுதல் நான் அதிகமாக யோசித்திருக்கிறேன். இதில் எனக்கு வழிகாட்டியவர் டோனாவூரின் ஏமி கார்மைக்கேல். வட அயர்லாந்தில் 1867-ல் பிறந்து, 1895-ல் இந்தியா வந்து, திருநெல்வேலிச் சீமையில் கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த குழந்தைகளுக்குத் தாயாக வாழ்ந்தவர். வந்த பின் ஒருமுறைகூட ஊர் திரும்பாதவர். 1931 அக்டோபர் 24 அன்று, களக்காட்டில் மருத்துவ ஊழியத்துக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டும் நேரத்தில், கழிப்பறைக்காகப் புதிதாகத் தோண்டியிருந்த குழியில் தவறி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் முறிவோடு மற்றக் கோளாறுகளும் சேர்ந்துகொள்ள, 1951 ஜனவரி 18 அன்று மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அந்த அறையிலும் படுக்கையிலுமே கழித்தார். குழந்தைகளோடு ஓடியாடியவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரத்தசாட்சியாக மரிக்கும் வாய்ப்புகூட இல்லை; பாதி தோண்டின ஒரு குழி. வாழ்க்கையில் வரும் துன்பங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் அற்பமான காரணத்தோடு வருகின்றன.

படுக்கையில் கிடந்தபோது, நோயாளிகளை ஆற்றுவதற்காக எழுதப்பட்ட துண்டுப்பிரசுரங்கள் அவருக்கு வந்தன. அவை அவரைத் தொடவில்லை. நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதியவை அவை என்பதே காரணம் என்று கண்டுகொண்டார். அதனால் நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதுவதாகத் தானே எழுதத் தொடங்கினார். தன் வலியை அழகுபடுத்தாமல், தூக்கமில்லாத இரவுகளையும் பிறருக்குப் பாரமாகிவிட்டோமே என்ற எண்ணத்தையும் மறைக்காமல், அதற்குள்ளேயே சமாதானம் உண்டு என்று அவர் எழுதியதை வாசிக்கும்போது நம்ப முடிகிறது. தன் கல்லறைக்கு மேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்து, ‘அம்மை’ என்று மட்டும் பொறித்தார்கள். படுக்கையில் இருக்கிறவர் ‘இதிலும் அவர் என்னோடு இருக்கிறார்’ என்று சொன்னால் அது சாட்சி. கட்டிலருகே நிற்கிறவர் அதையே அவருக்குச் சொன்னால் பல சமயங்களில் அது கட்டளையாகிவிடுகிறது. உங்கள் சபையாரிடம் நீங்கள் மரியாதையாகச் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: ஏற்றுக்கொள்ளுதல் அம்மாவிடமிருந்து வர வேண்டியது, அம்மாவின்மேல் வைக்கப்பட வேண்டியதன்று.

அது எப்படி வரும் என்று கேட்பீர்கள். பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், ‘நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்’ என்கிறார் பவுல். கற்றுக்கொண்டேன் என்கிறார். இது பிறவிக் குணமாகவோ ஒரே இரவில் கிடைத்த வரமாகவோ இருந்திருந்தால் அந்தச் சொல் அங்கே வந்திருக்காது. ‘மனரம்மியம்’ என்று மொழிபெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல் அக்காலத்து ஸ்தோயிக்கர் என்னும் தத்துவஞானிகள் விரும்பிப் பயன்படுத்தியது. எவர் உதவியும் எதன் தேவையும் இல்லாமல் தன்னிலேயே நிறைவாக நிற்பவனை அது குறித்தது. பவுல் அந்தச் சொல்லை எடுத்து அதன் அடிப்படையை மாற்றிவிடுகிறார். ‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்பது சற்றுப் பின் வரும் வரி. தேர்வுக்குப் போகும் பிள்ளைகளும் பந்தயத்துக்குப் போகும் வீரர்களும் சொல்லிக்கொள்கிற இந்த வசனத்தைச் சிறையில் இருந்த ஒருவர், பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் பழகியிருக்கிறேன் என்று சொன்ன கையோடு எழுதினார். சாதிப்பதற்கான பலத்தைப் பற்றி அங்கே பேச்சில்லை. தாங்குவதற்கான பலத்தைப் பற்றியே பேச்சு. அதற்கும் அடுத்த வரியை யாரும் மனப்பாடம் செய்வதில்லை: ‘ஆனாலும், நீங்கள் என்னுடனே உபத்திரவத்தில் உடன்பட்டது நலமாயிருக்கிறது.’ கிறிஸ்துவினால் எல்லாம் தாங்குவேன் என்றவர், பிலிப்பியர் அனுப்பிய உதவியை வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றியோடு பெற்றுக்கொண்டார். அதைக் கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாயிருந்ததையும், தனக்குத் ‘துக்கத்தின்மேல் துக்கம்’ உண்டாகாதபடிக்குத் தேவன் இரங்கினதையும் அதே நிருபத்தில் எழுதுகிறார். மனரம்மியமாக இருக்கக் கற்றவருக்கும் துக்கம் இருந்தது. அம்மா ஒரு நாள் அழுதால், நேற்று ஏற்றுக்கொண்டவர் இன்று பின்வாங்கிவிட்டார் என்று கணக்குப் பார்க்க வேண்டாம்.

வலியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும்; ஆனால் இதைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையோடு சொல்கிறேன். கொல்லிமலையில் ஊழியம் செய்த பெற்றோருக்கு 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவைச்சிகிச்சை மருத்துவர் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் சதையைத் தின்றுவிடுகிறது என்று எல்லாரும் நம்பிய காலம் அது. செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன விரல்களுள்ள ஒருவரின் கையைப் பிடித்தபோது, அந்தப் பிடியின் வலிமை தன் கையை நோகச் செய்ததைக் கண்டு அவர் திகைத்தார். தசைகள் நன்றாகவே இருந்தன. அந்த மனிதருக்கு உணர்வுதான் இல்லை. பின்னர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, கைகால்கள் குறைந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம், நோயாளிகள் வலி தெரியாமல் நெருப்பிலும் கூர்மையான பொருள்களிலும் தங்களைக் காயப்படுத்திக்கொள்வதே என்று காட்டினார். இரவில் தூங்கும்போது எலி கடித்தாலும் விழிப்பு வராத நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கொரு பூனையைக் கொடுத்தனுப்பினார்கள். பிற்காலத்தில் அமெரிக்காவில், வலிக்குப் பதிலாக எச்சரிக்கை தரும் கையுறை போன்ற கருவிகளைச் செய்து பார்த்தார். அந்த முயற்சி வெற்றி பெறவில்லை. எச்சரிக்கை தொல்லையாக இருந்தால் அதை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். நிறுத்திவிட முடியாத வலிதான் உடலைக் காக்கிறது என்று அவர் கண்டுகொண்டு, வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

இதிலிருந்து ‘பாருங்கள், வலி நல்லது’ என்று உங்கள் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். காக்கிற வலி வேறு, எச்சரிக்க வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகும் ஓயாமல் குட்டுகிற வலி வேறு. முடக்குவாதத்தின் வலி பெரும்பாலும் இரண்டாம் வகை. வலிக்காக நன்றி சொன்ன அதே மருத்துவர், தன் வாழ்நாளைப் பிறருடைய கைகளைச் சீராக்குவதிலேயே செலவழித்தார். அவருடைய தாய் ஈவ்லின் 1929-ல் கணவரைக் கருநீர்க் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர்; மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் தன் பொறுப்பில் மலைக்குத் திரும்பி, 1974-ல் தன் 95-ஆம் வயதில் மரிக்கும்வரை மலைமக்களிடையே இருந்தார். துன்பத்தை ஏற்றவர்கள் பிறர் துன்பத்தை ஏற்க மறுத்தார்கள் என்பதை இந்தக் குடும்பத்தில் காண்கிறேன்.

இதையொட்டி, நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். இந்தப் பதிலை வேறு யாராவதும் வாசிக்கக்கூடும். மனிதர் செய்கிற கொடுமையை ஏற்றுக்கொள் என்று கிறிஸ்துவின் பெயரால் சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை. அடிக்கிற கணவரோடு ‘சிலுவையைச் சுமந்து’ வாழும்படி பெண்களுக்கு ஆலோசனை சொல்லப்பட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட ஒரு சகோதரியின் உடைந்த கைக்கு மாவுக்கட்டுப் போடும்போது அருகில் நின்றும் இருக்கிறேன். எருசலேமில் தன்னை வாரால் அடிக்கக் கட்டினபோது பவுல் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார். பிரதான ஆசாரியனுடைய சேவகன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு ‘என்னை ஏன் அடிக்கிறாய்’ என்று கேட்டார். காவல் நிலையத்துக்கோ பெற்றோர் வீட்டுக்கோ போகிற பெண் எந்தச் சிலுவையையும் கீழே போட்டுவிடவில்லை.

மறுபடியும் அம்மாவிடம் வருகிறேன். அவருக்கு இப்போது தேவைப்படுவது பெரிய விளக்கங்களாக இருக்காது. காலையில் எழுந்தவுடன் அவர் கைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைக்க உதவுங்கள். மாத்திரை அட்டையைப் பிதுக்கி எடுக்க அந்த விரல்களால் முடியாது. அன்றன்றைக்கு உரியதை ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். வேதம் வாசிப்பதானால் இறுக்கம் தளர்ந்த பிறகு, அவர் கேட்கிற பகுதியை வாசியுங்கள். அவர் சங்கீதம் 88 கேட்டால் அதையே வாசியுங்கள், உடனே 23-க்குத் தாவ வேண்டாம். சுகத்துக்காக ஜெபிப்பதை நிறுத்தவும் வேண்டாம். பவுல் மூன்று முறையோடு நிறுத்தியது அவருக்குப் பதில் வந்ததனால். உங்களுக்குப் பதில் வரும்வரை கேட்கலாம். என்றாவது ஒரு நாள் அம்மாவே ‘போதும்ப்பா, இனி இதைத் தாங்கப் பெலன் கேட்போம்’ என்று சொல்லக்கூடும், சொல்லாமலும் இருக்கலாம். அதை அவரும் ஆண்டவரும் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக, அந்தத் திருவிருந்து விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகமாக வருத்தியது அதுதான். பீடத்தண்டை முழங்கால்படியிடுவது நம் வழக்கம். அது திருவிருந்துக்கு நிபந்தனையன்று. இந்த வாரமே உங்கள் ஆயரைத் தனியாகப் பார்த்து, அம்மாவால் முழங்கால்படியிடவோ படிகளில் ஏறவோ முடியாது என்றும், சிறு கிண்ணத்தைப் பிடிக்க விரல் மடங்காது என்றும் சொல்லுங்கள். எல்லாரும் பெற்றுக்கொண்ட பின் அவர் இறங்கி வந்து, அம்மா உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே, அப்பத்தை ரசத்தில் தோய்த்து நாவில் வைக்கலாம். இப்படிச் செய்கிற ஆலயங்கள் பல உண்டு, தயங்காமல் கேளுங்கள். அம்மாவை ஓரத்து இருக்கையில் உட்கார வையுங்கள். அந்த நேரத்தில் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.